சான்று கேட்பது பகையாகுமா?

நம் தமிழ்ப்பள்ளிகளில் கட்டுரைக்குக் குறைவில்லை. கட்டுரைப் போட்டிகளுக்கும் குறைவில்லை. கருத்துகளோ வெள்ளமெனப் பெருகி வருகின்றன. ஆயின், அக்கருத்துகளைத் தாங்கி நிற்கும் சான்றுகளைத் தேடப் புகுந்தால், பால் வற்றிய கித்தா மரத்தில் மங்கைக் கட்டிவிட்டுக் காத்திருப்பவன் நிலைதான் நமக்கு வாய்க்கிறது. சொல்லுக்குச் சொல் அழகு. வரிக்கு வரி உணர்ச்சி. மங்கை எடுத்துப் பார்த்தாலோ ஒரு சொட்டும் இல்லை.

அண்மையில் ஒரு கட்டுரைப் போட்டிக்கு நடுவருள் ஒருவனாக இருந்தேன். மலாயா மண்ணில் தமிழர் தொன்மை என்பது தலைப்பு. நாற்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் வந்திருந்தன. ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளிலும் இராசேந்திர சோழன் கடாரம் வென்றான். அவன் கொடி பறந்தது. பூசாங் பள்ளத்தாக்கில் கோயில்கள் எழுந்தன. இச்செய்திகளை நாம் எங்கிருந்து அறிகிறோம் என்பதை ஒரே ஒரு மாணவி மட்டுமே கேட்டிருந்தாள். கட்டுரையின் நடுவே, 'சோழர் இங்கு எத்தனை ஆண்டு ஆண்டனர் என்பதற்கு நான் படித்த நூல்களில் விடை கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தாள். அவளுக்குப் பரிசு கொடுக்கலாம் என்றேன். உடனிருந்த நடுவர் ஒருவர் சினந்து, "நம் பெருமையைப் பிறர் ஐயுறுவது போதாதா? நம் பிள்ளைகளும் ஐயுற வேண்டுமா?" என்றார். அவருடைய தமிழ்ப்பற்று ஐயத்திற்கு இடமில்லாதது. ஆயினும் அவர் கேட்ட கேள்வி பிழையானது. அப்பிழை அவர் ஒருவருடையது அன்று, என்னுடையதுமாக இருந்தது, நம்முள் பெரும்பாலோருடையது. அதனை மறுப்பதற்கே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கடாரம் கற்பிக்கும் பாடம்

இராசேந்திரன் கடாரம் கொண்டான் என்பது உண்மையே. ஆனால் அது மேடையில் முழங்கியதால் உண்மையாகவில்லை. அறிஞர் சிலர் ஆண்டுக்கணக்கில் ஐயுற்று, ஒன்றோடொன்றை ஒப்புநோக்கி, தவறி, திருத்தி நிறுவியதனால் உண்மையாயிற்று. அந்த வழியை நம் மாணவர் அறிய வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசேந்திரன் மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த கடற்படையெடுப்பில் அவன் வென்ற இடங்களாகச் சீவிசயம் முதல் கடாரம் வரை பதின்மூன்று பெயர்களைக் கூறுகிறது. பெயர்கள் இருந்தன, இடங்கள் எவை என்பது தெரியவில்லை. தொடக்கத்தில் கடாரத்தைத் தமிழகத்திற்குள்ளேயே தேடியவர் உண்டு; பின்னர் அதனைப் பர்மாவில் வைத்தவரும் உண்டு. அவர்கள் அறிவிலிகள் அல்லர். கல்வெட்டுக் கலையில் தேர்ந்தவர்கள். கையில் இருந்த சான்றின் அளவுக்கே அவர்கள் முடிவும் நின்றது.

இச்சிக்கலை அவிழ்க்க உதவிய சான்றுகளுள் ஒன்று, நெதர்லாந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்தைச் சென்று சேர்ந்ததனால் லைடன் செப்பேடு எனப் பெயர் பெற்ற ஆனைமங்கலச் செப்பேடு. முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பெற்றதை அது உரைக்கிறது. அதன் வடமொழிப் பகுதி விகாரம் எடுத்த மன்னர் மரபைச் சீவிசயத்தோடும் கடாகத்தோடும் சேர்த்துச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி அம்மன்னனைக் கிடாரத்தரையன் என்கிறது. ஒரே ஆவணம், ஒரே மன்னன், இரு மொழிகளில் இரு பெயர் வடிவங்கள். ஆகவே கடாகமும் கிடாரமும் ஒன்றே என்பது பெறப்பட்டது. இதனோடு சீனக் குறிப்புகளையும் தென்கிழக்காசியக் கல்வெட்டுகளையும் இணைத்து, 1918இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் சீவிசயப் பேரரசை வரலாற்றின் வெளிச்சத்திற்குக் கொணர்ந்தார். கடாரம் நம் கெடாவே என்னும் கருத்தும் அறிஞரிடையே வேரூன்றியது.

ஆய்வுக் கட்டுரை என்பது இதுவே. ஒரு கேள்வி, அக்கேள்விக்கு முன்னோர் சொன்ன விடைகள், அவற்றின் குறை, புதிய சான்று, அச்சான்று தாங்கும் அளவிற்கு மட்டுமே ஒரு முடிவு. இதில் எங்கேனும் 'கல் தோன்றாக் காலம்' வருகிறதா? 'வீறுகொண்டு எழுந்த வேங்கை' வருகிறதா? இல்லை. எனினும் இதைவிடத் தமிழர்க்குப் பெருமை சேர்த்த செய்தி வேறு உண்டோ?

இனி, நம் கட்டுரைகள் செய்வதைக் காண்போம். கடாரம் வென்றான் என்ற அளவில் அவை நிற்பதில்லை. சோழர் நூற்றாண்டுக் கணக்கில் கெடாவை ஆண்டனர் என்றும், பூசாங் பள்ளத்தாக்கின் கோயில்கள் அனைத்தையும் கட்டினர் என்றும் தாவிவிடுகின்றன. மெய்க்கீர்த்தி சொல்வது படையெடுப்பையும், மன்னன் பிடிபட்டதையும், கைப்பற்றிய செல்வத்தையும்தான். பின்வந்த வீரராசேந்திரன் கடாரத்தை வென்று அதன் அரசனுக்கே மீண்டும் அளித்ததாக அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. 1090ஆம் ஆண்டைச் சேர்ந்த சிறிய லைடன் செப்பேட்டில், கடாரத்து அரசனின் தூதர் வேண்டிக்கொண்டபடி, முதலாம் குலோத்துங்கன் நாகப்பட்டின விகாரத்து ஊர்களுக்கு வரிச்சலுகை அளிக்கிறான். கடாரம் சோழரின் நேராட்சியில் இருந்திருப்பின், கடாரத்து அரசனும் அவன் தூதரும் எங்கிருந்து வந்தனர்? இவ்வினாவைத்தான் அம்மாணவி தன் அறியா வயதில் தொட்டாள். நாமோ அவளுக்கு மதிப்பெண் குறைத்தோம்.

மற்றொரு சான்றும் ஈண்டுக் கூறத்தக்கது. 1834இல் ஜேம்ஸ் லோ என்பவர் இன்றைய செபராங் பிறைப் பகுதியில் கண்டெடுத்த புத்தகுப்தன் கல், ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியதெனக் கருதப்படுவது. அதன் எழுத்து தென்னாட்டு வகையைச் சார்ந்தது, மொழி வடமொழி, சமயம் பௌத்தம், அம்மாலுமியின் ஊராகிய இரத்தமிருத்திகை வங்காளத்தில் உள்ளதென்பது அறிஞர் பலர் துணிபு. நம் கட்டுரைகளில் ஒன்று எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 'தமிழன் வந்தான்' என முடிக்கிறது. அல்லது கல்லையே மறைத்துவிடுகிறது. இரண்டும் நேர்மையாகா. கருத்திற்கு ஒத்துவரும் பாதியை வெளியே வைத்து ஒவ்வாத பாதியைப் பெட்டிக்குள் பூட்டுபவன் வழக்கறிஞனாகலாம், ஆய்வாளனாகான்.

மிகைக்கு நாம் கொடுக்கும் விலை வேறொன்றும் உண்டு. எல்லாம் நமதே என்று முழங்குபவனுக்கு எதையும் அளந்து குறித்து வைக்கத் தோன்றுவதில்லை. மலாய் மொழியில் 'சண்டி' என வழங்கும் பூசாங் பழங்கோயில்களில் பதினோராம் எண் பெற்றது, வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்டது 2013இல் வெளியுலகிற்குத் தெரியவந்தது. நாம் கண்டன அறிக்கைகள் விடுத்தோம்; விடுக்க வேண்டியதே. ஆயின், அது இடிபடுமுன் அங்கே மாணவரை அழைத்துச் சென்று, நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று அளந்து குறித்து வைத்திருந்த தமிழாசிரியர் நம்முள் எத்தனைப் பேர்? என்னைக் கேட்டால், நான் அந்த எண்ணில் இல்லை.

ஐயம் இரவல் சரக்கா?

'ஐயுறுதல் மேனாட்டார் பழக்கம். நம் மரபு ஏற்றுப் போற்றும் மரபு' என்று சொல்வாரும் உளர். இவர்கள் நன்னூலைப் பாடம் சொல்லிக்கொண்டே அதன் பாயிரத்தை மறந்தவர்கள் என்பேன்.

நூல் எழுதுவோன் மேற்கொள்ளத்தக்க மதங்கள் ஏழு எனப் பவணந்தியார் வகுத்தார். பிறர் கருத்துக்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் பிறர் கருத்தை ஏற்பதுபோல் எடுத்து நிறுத்திப் பின்னர்க் களையலாம், தன் கருத்தை நாட்டி அதனை நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒன்றைத் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் ஒட்டாது தன் வழியே செல்லலாம். ஏழில் ஏற்பது ஒன்றே. பெரும்பாலான ஏனையவற்றுள் ஏதோ ஒரு வகையில் ஆய்ந்து முடிவு செய்யும் வேலை இருக்கிறது. இதைவிடச் சிறந்த ஆய்வு நெறிக் கையேடு எந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டு? அப்பாயிரமே நூற்குற்றம் பத்தினையும் வகுக்கிறது. மிகைபடக் கூறலும் வெற்றெனத் தொடுத்தலும் மற்றொன்று விரித்தலும் அவற்றுள் அடங்கும். நம் பரிசுக் கட்டுரைகளை இம்மூன்று அளவுகோல்களால் அளந்தால் எத்தனை தேறும்?

மணிமேகலையின் 29ஆம் காதையை நாம் வகுப்பில் தாண்டிச் சென்றுவிடுகிறோம். கதை இல்லை என்பது காரணம். அங்கேதான் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கிறார். நிறுவ வேண்டிய கருத்து பக்கம். அதற்குரிய காரணம் ஏது. அதற்குச் சான்றான எடுத்துக்காட்டு திட்டாந்தம். இவை மூன்றும் எவ்வெவ்வாறு போலியாகும் என்பதும் விரிவாகப் பேசப்படுகிறது. மலையில் நெருப்பு உண்டு என்பவன், புகை தெரிகிறது என்று காரணம் காட்ட வேண்டும்; புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதற்கு அடுக்களையைக் காட்ட வேண்டும். நம் மாணவன் என்ன செய்கிறான்? மலையில் நெருப்பு உண்டு, ஏனெனில் அம்மலை நம்முடையது என்கிறான். இது ஏது இல்லாப் பக்கம். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்க் காப்பியம் தள்ளுபடி செய்த குற்றம்.

உரையாசிரியர்களையும் எண்ணிப் பாருங்கள். சேனாவரையர் இளம்பூரணரை மதியாதவரா? எனினும் மறுக்க வேண்டிய இடத்தில் அவர் கருத்தை முதலில் முறையாக எடுத்து வைத்து, அது பொருந்தாமைக்குக் காரணம் காட்டி, அதன் பின்னரே தம் உரையைக் கூறினார். சேனாவரையரைப் பின்வந்தோர் மறுத்தனர். இவ்வாறு மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக வளர்ந்ததே நம் இலக்கண மரபு. அம்மரபின் வழிவந்த நாம், ஒரு சிறுமி 'எவ்வாறு அறிகிறோம்' என்று கேட்டதும் சினப்பது விந்தையன்றோ!

முப்பத்தேழால் வகுத்துப் பாருங்கள்

இன்னும் நெருக்கமான ஒன்றைத் தொடுகிறேன், சிலர் வருந்தக்கூடும். இறையனார் களவியலுரை முச்சங்கங்களும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் நிலவின என்கிறது. நம் கட்டுரைகள் பல இவ்வெண்களைப் பத்திரப்பதிவு போல் எடுத்தாள்கின்றன. ஒரு நான்காம் ஆண்டு மாணவனை அழைத்து மூன்று எண்களையும் 37ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 120, 100, 50 என மீதமின்றி வகுபடும். வரலாறு இத்துணை ஒழுங்காக நடப்பதில்லை. நடந்ததாக எண்கள் கூறினால், அவ்வெண்கள் அளந்து பெற்றவை அல்ல, அமைத்துக்கொண்டவை என ஐயுறுவதே அறிவு.

இதனால் சங்க இலக்கியம் பொய்யாகிவிட்டதா? இல்லை. பாடல்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றின் அழகு நிற்கிறது. அவை காட்டும் வாழ்வு நிற்கிறது. அவ்வெண்களைக் காலக்கணக்காகக் காட்டல் ஆகாது என்பது மட்டுமே இதனால் பெறப்படுவது. முடிவு இவ்வளவே, இதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. முடிவை அளந்து சொல்லும் இப்பழக்கத்தைத்தான் நாம் கற்பிக்கத் தவறிவிட்டோம்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கீழடி அகழாய்வு அறிக்கையை வெளியிட்டது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரி, கரிமக் காலக்கணிப்பில் கி.மு. 580 அளவினது என அறியப்பட்டது. அம்முடிவைப் பற்றி அறிஞர் வாதிடலாம், வாதிடவும் செய்கின்றனர். ஆனால் வாதிடுவதற்கு அங்கே ஓர் ஆழம் உண்டு, ஓர் அளவு உண்டு, ஒரு முறை உண்டு. அறிஞர் மன்றம் 9990 ஆண்டு என்றால் புன்னகைக்கும். 353 சென்டிமீட்டர் என்றால் எழுதுகோலை எடுக்கும்.

நம் நகரில் வாழ்ந்த ஒரு முன்மாதிரி

இவ்வழியில் நடந்து காட்டியவரைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தில் 1913இல் பிறந்த தனிநாயக அடிகள், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றினார். தமிழ்ப் பெருமையை உலகறியச் செய்ய வேண்டும் என்னும் வேட்கை அவரினும் மிக்கவர் எவர்? அவ்வேட்கையை அவர் எவ்வாறு செயலாக்கினார் என்பதே நமக்குப் பாடம்.

1952இல் தமிழ்ப் பண்பாடு பற்றிய ஆங்கில ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். 1966 ஏப்ரலில் அம்மன்றத்தின் முதல் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. தமிழரல்லாத பன்னாட்டு அறிஞரும் வந்து கட்டுரை படித்தனர். அதே ஆண்டில் தமிழாய்வு நூல்களுக்கான ஒரு வழிகாட்டிப் பட்டியலை வெளியிட்டார். அந்தாவோ தெ புரோவென்சா இயற்றி 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை, வத்திக்கன் நூலகத்துப் படியைக் கொண்டு, இதே கோலாலம்பூரில் மறுபதிப்பாக்கினார்.

கவனியுங்கள்: ஓர் இதழ், ஒரு மன்றம், ஒரு நூற்பட்டியல், ஓர் அகராதிப் பதிப்பு. எல்லாம் பிறர் சரிபார்க்கக்கூடியவை. தமிழ் பெரிது என்று கூவுவதற்கு மாறாக, 'இதோ சான்று, நீங்களே பாருங்கள்' என்று உலகின் முன் வைத்தார். உலகமும் பார்த்தது. அவர் கால்பட்ட நகரத்தில், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஸ்ரீ கெம்பாங்கானிலும் ஆசிரியத் தொழில் புரியும் நாம், அவர் பெயரை வாழ்த்துரைகளில் சொல்லிவிட்டு, அவர் வழியைக் கைவிட்டோம்.

நான் எழுதிய மனு

நான் எந்த உரிமையில் இவ்வளவு கடிந்து பேசுகிறேன் என்று கேட்பீர்கள். தவறு செய்து தண்டம் இறுத்தவன் என்னும் உரிமையிலேதான்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் வட்டாரத்தில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டம் வீடமைப்பிற்காகக் கைமாறியது. லயங்கள் இடிபட்டன; பிரட்டுக்களம் இருந்த இடம் தெரியாமற் போயிற்று. கோவிலுக்கு மாற்று நிலம் கேட்டு மனு எழுத வேண்டும். 'நீங்கள் தமிழ் படித்தவர், எழுத வல்லவர்' என்று பெரியவர்கள் என்னிடம் வந்தார்கள். எழுதினேன். 'இருநூறு ஆண்டுப் பழமை வாய்ந்த எங்கள் ஆலயம்' என்று தொடங்கி, கண்ணீர் வரும்படி எழுதினேன். வாசித்துக் காட்டியபோது உண்மையாகவே சிலர் அழுதனர்.

அலுவலகத்தில் நரைத்த தலையினரான ஓர் அதிகாரி மனுவைப் பொறுமையாகப் படித்தார். பின்னர், "ஆசிரியரே, ரப்பர்க் கன்றுகள் இப்பகுதிக்கு வந்ததே 1877இல்தான். அதற்கும் முன்பே இந்த ரப்பர்த் தோட்டத்தில் கோவில் இருந்ததா?" என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். 'இருநூறு' என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. யாரோ சொன்னார்கள்; கேட்பதற்கு நன்றாக இருந்தது; எழுதிவிட்டேன். மனு திரும்பி வந்தது. முதல் வரி பொய்த்ததால், மெய்யான மற்ற வரிகளும் அதனோடு சேர்ந்து மதிப்பிழந்தன.

அதன் பிறகே தேடத் தொடங்கினேன். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில், 1938ஆம் ஆண்டு சேர்ந்த ஒரு பிள்ளையின் முகவரி கோவில் லயம் என்று இருந்தது. ஒரு மூதாட்டி தம் பெற்றோரின் திருமணப் படத்தைக் கொடுத்தார். பின்புறம் கோவில் முகப்பும், படத்தின் முதுகில் நாளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகக் கோவில் மணி. அதன் விளிம்பில் கொடுத்தவர் பெயரும் 1931 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த மணியை அடித்தோம்; அதில் எழுதியிருந்ததை எவரும் படித்ததில்லை.

இரண்டாம் மனுவில் கண்ணீர் இல்லை. 'இக்கோவில் 1931இல் இருந்தது என்பதற்கு இம்மூன்று சான்றுகள் உள்ளன. அதற்கு முன் எப்போது தோன்றியது என்பதற்கு ஆவணம் கிடைக்கவில்லை' என்று மட்டும் எழுதினேன். நிலம் கிடைத்தது, ஆனால் முதலில் கேட்டதில் பாதி. இரு மனுக்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மறுபாதி வேறு பயன்பாட்டிற்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. இன்றும் திருவிழா நாளில் பந்தல் போட இடமின்றி மக்கள் வீதியில் நிற்பதைக் காணும்போது, என் அலங்கார நடை விழுங்கிய நிலம் அது என்று என் மனம் சொல்கிறது.

'பிறர் ஐயுறுவது போதாதா' என்ற நண்பர்க்கு என் விடை இதுவே: பிறர் ஐயுறுவதற்கு முன் நாம் ஐயுற வேண்டும். நம் கூற்றில் உள்ள ஓட்டையை நாமே கண்டால் அடைக்கலாம். மாற்றான் கண்டால் படகு கவிழும்.

தடைகளும் விடைகளும்

சிறு பிள்ளைகளுக்கு ஆய்வு எதற்கு என்பர் சிலர். பல்கலைக்கழக ஆய்வேட்டை நான் கேட்கவில்லை. 'எங்கள் ஊர்' என்று எழுதும் பிள்ளை, ஒரே ஒரு செய்திக்காவது 'இதனை எனக்குச் சொன்னவர் என் பாட்டி. அவர் 1960ஆம் ஆண்டு முதல் இங்கு வாழ்கிறார்' என்று எழுதட்டும். அதுவே சான்று காட்டும் கல்வியின் அரிச்சுவடி.

நூல்கள் இல்லை என்பர் சிலர். தேசிய ஆவணக் காப்பகமும் மலாயாப் பல்கலைக்கழக நூலகமும் நமக்கு எட்டாத் தொலைவில் இல்லை. அவற்றினும் அருகில் உள்ளவை நம் பள்ளிப் பதிவேடுகள், கோவில் மணிகள், இடுகாட்டுக் கற்கள், தோட்டத்துச் செக்ரோல் ஏடுகள். இன்றைய புத்ராஜெயா எழுந்த நிலத்தில் இருந்த பிராங் பெசார் தோட்டம், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் படையினர் 1921இல் திறந்தது; பெரும்போர் என்பதே அப்பெயரின் பொருள். அங்கே பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கக்கூடும். பாட்டனாரைக் கேட்டு எழுத இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. பிறகு கேட்பதற்கு ஆள் இரார்.

தேர்வில் அலங்காரத்திற்கே மதிப்பெண் என்பர் சிலர். மதிப்பெண் இடுபவர் யார்? நாமே. 'யார் சொன்னாலும் மெய்யைத் தேடுக' என்னும் கருத்துடைய குறளை மேற்கோளாக எழுதி, அதன் கீழேயே ஆராயாத பத்துச் செய்திகளை அடுக்கும் கட்டுரைக்கு முதல் பரிசு கொடுத்தவர்கள் நாமே. ஆசிரியப் பயிற்சிக் கழகத்தில் செயலாய்வு எழுதும் இளைஞர், முன்னவர் ஏட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பதையும், கணினித் திரையில் கிடைத்ததை அப்படியே ஒட்டித் தருவதையும் கண்டும் காணாமல் இருந்தவர்களும் நாமே. மாணவரைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லை.

கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரிடம், 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை என்பதை அவ்வாசிரியர் மறைக்கவில்லை. ஏடுகளைத் தேடினார், பாடங்களை ஒப்பிட்டார், சமண நெறி விளங்காத இடங்களில் சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டறிந்தார். 1887இல் நூல் வெளிவந்தது. தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒரு தமிழாசிரியரால் தமிழுக்கு ஒரு காப்பியம் மீண்டது.

ஆசிரியப் பெருமக்களே! அடுத்த கட்டுரைக் கட்டைத் திருத்த எடுக்கும்போது சிவப்பு மையால் ஒற்றுப்பிழைகளைச் சுழிப்பதோடு நில்லாதீர்கள். ஒவ்வொரு பெருங்கூற்றின் பக்கத்திலும் 'எவ்வாறு அறிந்தாய்?' என்று எழுதுங்கள். மாணவச் செல்வங்களே! அவ்வினாவைக் கண்டு அஞ்சாதீர்கள். அது உங்கள் தமிழ்ப்பற்றின் மீது வைத்த ஐயம் அன்று. ஆசிரியரிடமும் அதே வினாவைத் திருப்பிக் கேளுங்கள். கேட்டதற்காக எவரேனும் சினந்தால், நன்னூற் பாயிரத்தை எடுத்துக் காட்டுங்கள்.

அப்போட்டியில் அம்மாணவிக்குப் பரிசு கிடைக்கவில்லை. அவள் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அவள் கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி 1090ஆம் ஆண்டுச் செப்பேட்டில் இருக்கிறது என்றும், எஞ்சிய பகுதியை அவளே தேட வேண்டும் என்றும் அதில் எழுதினேன்.